பாவசங்கீர்த்தனத்தில் மூன்றாவது ஆள்

கோர்ட்டில் நான் பல வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் நந்தினி. போன மாதம் அல்சூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார். புதிதாக வந்திருக்கும் ஒரு செயலியைத் தன் ஃபோனில் காட்டினார். தமிழில் பேசினால் அது கன்னடத்தில் திருப்பிச் சொல்கிறது.

"ஏதாவது சொல்லிப் பாருங்க சார்."

கோர்ட் பழக்கம் போகுமா? "நேற்று சாயங்காலம் நான்தான் அவனை அடித்தேன்" என்றேன். ஃபோன் பிசிறில்லாமல் கன்னடத்தில் சொல்லி முடித்தது. சமையலறையிலிருந்து என் மனைவி வசந்தா எட்டிப் பார்த்தாள்.

"யாரை அடிச்சீங்க?"

நந்தினி சிரித்துவிட்டு, வந்த வேலைக்கு வந்தார். அவர் எங்கள் பக்கத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர்க் குழுவில் இருக்கிறார். "நீங்க செஞ்சதுலேயே கஷ்டமான கேஸ் எது சார்? மலருக்கு எழுதித் தாங்களேன்."

"எழுதலாம். ஆனா அது கோர்ட்டுல நடக்கலை. அதுல என்ன சொன்னாங்கன்னும் சொல்ல முடியாது."

"அப்ப என்னத்த சார் எழுதுவீங்க?"

"மிச்சத்தை."

இது அந்த மிச்சம்.

முதலில் ஒரு மன்னிப்பு. என்னைத் தெரிந்தவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். எங்கள் கல்யாண நாளை வசந்தா என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். கேட்ட பாவத்துக்கு அன்று என்ன கிழமை, எத்தனை மணிக்கு மழை பிடித்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வாள். எந்த வரலாற்றுப் புத்தகத்தை வாங்கினாலும் பின்னாலிருக்கும் கால அட்டவணையைத்தான் முதலில் படிப்பேன். அப்பேர்ப்பட்டவன் இந்தக் கட்டுரையில் ஒரு தேதியும் சொல்லப்போவதில்லை. தேதியைச் சொன்னால் இடம் தெரியும், இடம் தெரிந்தால் ஆள் தெரியும். ஆள் பெயர்களையும் இடப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். உப்பில்லாத சாப்பாடுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் இங்கே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். எந்த மொழியிலும் பேச்சை நிறுத்தத் தெரியாத எனக்குக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஒரு பரீட்சை, கொஞ்ச நாள் பயிற்சி, பிறகு சாட்சிக் கூண்டின் பக்கத்தில் ஒரு நாற்காலி. தமிழ் மட்டும் தெரிந்த சாட்சி சொல்வதைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் திருடினாராம்' என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. இந்த விதிப்படி என் பணிக்காலத்தில் நான் இரண்டு பெண்டாட்டி கட்டியிருக்கிறேன். அண்ணன் வீட்டுச் சுவரை ராத்திரியோடு ராத்திரியாக இடித்திருக்கிறேன். மாமியாரின் வளையலை அடகு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் திறந்த நீதிமன்றத்தில், கணீரென்ற குரலில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் சொந்த 'நான்' மட்டும் அந்தக் கூண்டுப் பக்கம் போனதேயில்லை. போனாலும் சொல்வதற்கு அதனிடம் என்ன இருந்தது, காலை நடையும் மாலைக் காப்பியும்தான்.

என் வேலையில் ஒரு குறை இருந்தது. என் தலை. யார் எதைச் சொன்னாலும் அது ஆடும். ஆமாம் என்பதற்கும் ஆடும், இல்லை என்பதற்கும் ஆடும், 'அப்படியா, சொல்லுங்க' என்பதற்கும் ஆடும். இதை முதலில் கண்டுபிடித்தவர் எனக்கு வாய்த்த ஒரு பெண் நீதிபதி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடுவார். மூடிய பேனாவைக் காகிதத்துக்கு நேர்கோட்டில் வைப்பார். பிறகு காத்திருப்பார். கோர்ட்டே அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும்.

ஒரு நாள் ஒரு பெரியவர், வரப்புத் தகராறில் தான் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல என் தலையைப் பார்த்து உற்சாகமாகி, பார்க்காததையும் சேர்க்க ஆரம்பித்தார். பேனா மூடியது.

"நிம்ம தலெ ஏனு ஹேள்தா இதெ?" உங்கள் தலை என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

"ஒன்றுமில்லை மேடம்."

"அதன்னூ ரெக்கார்ட் மாட்லா?" அதையும் பதிவு செய்துகொள்ளட்டுமா?

வக்கீல்கள் சிரித்தார்கள். அப்போதும் என் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அது நிற்கும்வரை அவர் பேனாவைத் திறக்கவில்லை. அன்று முதல் சாட்சி பேசும்போது ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொள்ளப் பழகினேன். பார்ப்பவர்கள் ஆழ்ந்து சிந்திக்கிறேன் என்று நினைத்தார்கள். அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனமில்லை.

இனி கஷ்டமான கேஸ்.

வசந்தாவுக்குப் பித்தப்பையில் கல். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். நான் துணைக்கு. அவளுக்கு உதவியதைவிட மற்ற கட்டில்களுக்கு உதவியதுதான் அதிகம். டாக்டர் கன்னடத்தில் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழில், அவர்கள் புலம்புவதை டாக்டருக்குக் கன்னடத்தில். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே மொழிபெயர்ப்பது என் வியாதி, அதற்கு அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் இல்லை.

எதிர்க் கட்டிலில் ஜீவனஹள்ளிக்கார அம்மா ஒருவர். அந்தோணியம்மா என்று வைத்துக்கொள்வோம். நிலைமை மோசம், வீட்டாரைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று வார்டு முழுக்கத் தெரியும். அன்று மாலை அவர் பாவங்களைக் கேட்டு மன்னிப்பு கொடுக்க ஒரு ஃபாதர் வந்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், வீட்டு மொழி கொங்கணி. கன்னடமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த ஃபாதர்கள் எல்லோரும் வருடாந்திரத் தியானத்துக்காக வெளியூர் போயிருந்தார்கள்.

ஃபாதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் பேசினார். நான் வழக்கம்போல் அழைப்பில்லாமல் தமிழாக்கினேன். "வாயால் சொல்ல வேண்டியதில்லையாம்மா. மனசுக்குள்ள வருத்தப்பட்டு அவர் கையை அழுத்தினாப் போதுமாம். மன்னிப்பு கொடுத்துடுவாராம்."

அந்தம்மா தலையணையிலிருந்து எழப் பார்த்தார். "அதெப்படி? சொல்லாம பாவம் எப்படி சாமி போவும்? நான் வாயத் தொறந்து பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"உங்களுக்குக் கன்னடம் வருமாம்மா?"

"காய் வாங்கற கன்னடம் வரும். பாவம் சொல்ற கன்னடம் வராது."

ஆள் வைத்து மொழிபெயர்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்ய அவர்கள் சபைச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று ஃபாதர் சொன்னார். கட்டாயமில்லை, அவர் விரும்பினால் செய்யலாம். வார்டு பெருக்கிக்கொண்டிருந்த மேரி என்ற பெண், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆர்வமாக முன்னால் வந்தார். அந்தோணியம்மா போகும் அதே மாதா கோயில்காரர்தான்.

"ஐயோ, மேரி வேணாம்! நாளைக்கே தெரு அன்பிய ஜெபக் கூட்டத்துல எனக்காக ஜெபம் பண்றேன்னு ஒண்ணு விடாம சொல்லிடுவா." பிறகு என் நெற்றியைப் பார்த்துக் கை காட்டினார். "அந்த விபூதி சார் சொல்லட்டும். அவருக்கு நம்ம கோயில் ஜனங்க ஒருத்தரையும் தெரியாது."

தகுதிகளிலேயே இப்படி ஒரு தகுதிக்காக நான் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

கட்டிலை மூலை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபாதர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். நாங்கள் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"உள்ளே கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது. எனக்கு இருக்கும் கட்டுப்பாடுதான் உங்களுக்கும்."

"மனைவியிடம்?"

"கூடாது."

"ஜட்ஜ் சம்மன் அனுப்பினால்?"

"அப்போதும்."

"உங்களிடம் பேசலாமா?"

"வெளியே வந்த பிறகு என்னிடமும் கூடாது."

"ஃபாதர், என் வேலையே சொல்வதுதான்."

"இன்றைக்கு அது பாதி வேலை. மீதிப் பாதி சொல்லாமல் இருப்பது. அதற்கு ஓய்வு கிடையாது."

எனக்கு ஒரு தொழில் சந்தேகம் வந்தது. "நான் 'அவர் செய்தார்' என்று சொல்வதா, 'நான் செய்தேன்' என்று சொல்வதா?"

"கோர்ட்டில் எப்படி?"

"'நான்'தான்."

"அப்படியே சொல்லுங்கள்."

"கணக்கு என் பெயரில் ஏறிவிடாதே?"

அவர் சிரித்தார். "ஏறினாலும் கவலைப்படாதீர்கள். உடனே தள்ளுபடி செய்யத்தானே நான் வருகிறேன்."

சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றார். எனக்கு நிம்மதியாக இல்லை. வராந்தாவில் நின்று நானே முணுமுணுப்பாக ஒன்று எடுத்துக்கொண்டேன். கோர்ட் வாசகம்தான், உண்மையாகவும் முழுமையாகவும் மொழிபெயர்ப்பேன் என்று. பழக்க தோஷம்.

உள்ளே போனோம். கதவு மூடியது.

கதவு திறந்தது. வெளியே வந்தோம். என் சட்டை நனைந்திருந்தது. அறையில் விசிறி ஓடவில்லை என்பது மட்டும்தான் அதற்கு நான் சொல்லத் தகுந்த காரணம்.

மறுநாள் ஃபாதரை மாடிப்படியில் பார்த்தேன். "ஃபாதர், நேற்று..." என்றேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "உங்கள் மனைவியின் பித்தப்பை எப்படி இருக்கிறது?" என்று விசாரித்துவிட்டு இறங்கிப் போனார். நான் படியிலேயே நின்று பித்தப்பையை நினைத்துக்கொண்டேன்.

வசந்தா சுலபத்தில் விடவில்லை. "எனக்குக் கூடவா?"

"உனக்கும்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"மேரியும் அதைத்தான் சொல்லியிருப்பா."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாங்கள் தனியாக இருந்த நேரங்களில் மட்டும்.

இதுவரை நடந்தது கஷ்டமில்லை. கஷ்டம் அடுத்த வாரம் வந்தது. அந்தோணியம்மா பிழைத்துக்கொண்டார்.

இறக்கப்போகிறவரின் ரகசியத்தைச் சுமப்பது ஒரு மாதிரி. பிழைத்து எழுந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் தெருப்பக்கம் வருகிறவரின் ரகசியம் வேறு மாதிரி. உடம்பு தேறியதும், அவருடைய மகன் அவரை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கோயிலுக்கு அழைத்து வர ஆரம்பித்தார். நான் பக்கத்து ஏரியைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பும் நேரமும் அவர்கள் எங்கள் தெருப்பக்கத்து சிக்னலில் நிற்கும் நேரமும் ஒன்றாக அமைந்தது. முதல் ஞாயிறு அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். என் தலை, கேட்க வேண்டுமா, ஆடியது.

"ஹெல்மெட்டுல அடையாளம் தெரியல. யாருங்க அந்தம்மா?" என்றாள் கூட வந்த வசந்தா.

"தெரியாது."

"தெரியாதவங்களுக்கா இப்படித் தலையாட்டறீங்க?"

என் தலை எதைச் சொல்லித் தொலைக்குமோ என்று எனக்குப் பயம். அடுத்த ஞாயிறு முதல் சிக்னலுக்கு முன்னாலிருக்கும் பஸ் ஸ்டாப் நிழற்குடையின் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். தலை நரைத்த ஒரு மனிதன், விளம்பரப் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு பைக் போய்விட்டதா என்று எட்டிப் பார்ப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒளியத் தேவையே இல்லை என்பது பல ஞாயிறுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வருடங்கள் போயின. நான் ஓய்வு பெற்றேன். சிக்னலில் அந்த பைக் வருவது நின்றது. ஒரு நாள் முற்பகலில் என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. வாசலில் அந்த மகன். சேவியர் என்று வைத்துக்கொள்வோம். அடுகோடிப் பகுதியில் இரு சக்கர வாகன மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ், கையில் ஹெல்மெட்.

"அம்மா போயிட்டாங்க சார். முப்பதாம் நாள் பூசை முடிச்சிட்டு வரேன்."

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

"சிக்னல் டீக்கடைல கேட்டேன். 'பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி ஒளிவாரே, அந்த சாரா?'ன்னு வழி காட்டினாங்க."

காப்பி கொண்டுவந்த வசந்தா தம்ளர்களை வைத்துவிட்டு, எதிர்பாராத நாகரிகத்துடன் உள்ளே போய்விட்டாள்.

சேவியர் காப்பியைத் தொடவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். அம்மா ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முந்தின வருடம் சேவியருடைய தம்பி ஹொசூர் ரோட்டில் பைக் சறுக்கி இறந்துபோயிருக்கிறார். மழை நாள்.

"பஸ்ல போறேன்னுதான் சார் சொன்னான். நான்தான் வண்டிய எடுத்துட்டுப் போடான்னேன். செக் பண்ணிக் குடுத்தவனும் நான்தான். பிரேக் நல்லா இருக்கு, போடான்னேன்."

காப்பித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தா பரவால்ல. சாவற வரைக்கும் அதப் பத்தி வாயத் தொறக்கல. ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரில சொல்லியே ஆவணும்னு அடம் புடிச்சாங்க இல்ல? எங்கம்மாவுக்கு என்ன சார் பாவம் இருக்கும்? ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காதவங்க. அவங்களால செய்ய முடிஞ்ச ஒரே பாவம் என்னை வெறுக்கறதுதான்."

அவர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"அதத்தான் சொன்னாங்களா? நீங்க வாயத் தொறக்க வேணாம் சார். ரூல்ஸ் இருக்குன்னு தெரியும். ஆமான்னா ஆமான்னு, இல்லன்னா இல்லன்னு, சும்மா தலையாட்டுங்க போதும்."

உலகத்தில் யாரிடம் வந்து எதைக் கேட்கிறார் பாருங்கள்!

இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். மோவாய் போதவில்லை, காதுகளையும் சேர்த்து. 'ஆமாம்' என்றால் துரோகம். 'இல்லை' என்றாலும் துரோகம். 'உங்கள் பெயரே வரவில்லை' என்பதும் உள்ளே நடந்ததைச் சொல்வதுதான். ஆறுதலான பொய் ஒன்றைச் சொல்லலாம், ஆனால் அதுவும் அந்த அறையிலிருந்து வந்ததாகத்தான் அவர் எடுத்துக்கொண்டு போவார். இத்தனை வருடம் மூன்று மொழியில் பேசியவனுக்கு அந்த நிமிடத்தில் ஒரு மொழியும் உதவவில்லை. எதிரே ஒரு மனிதர் என் தலையைத் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து அவரே எழுந்தார். "பரவால்ல சார். பைக்ல கூட்டிட்டுப் போறப்பவே எனக்குத் தெரியும். பின்னாடி உக்காந்தா வீட்டுலேர்ந்து கோயில் வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பயந்து போய் முதுகுலயே சாஞ்சிக்குவாங்க. அவங்க ஹெல்மெட் என் முதுகுல இடிச்சிக்கிட்டே வரும். என் பிரேக் மேல நம்பிக்கை இல்லன்னு நினைச்சிக்குவேன்."

"உக்காருங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கோர்ட்டில் கேட்ட குரல் மாதிரி இருந்தது. சாட்சிக் கூண்டின் பக்கத்தில் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தவன் முதல் தடவையாகக் கூண்டுக்குள் ஏறினேன்.

"அந்த ரூமுக்குள்ள நடந்ததுக்கு நான் சாட்சி இல்ல. அத விட்டுடுங்க. ரோட்டுல நான் என் கண்ணால பாத்ததச் சொல்றேன். உங்கம்மாவுக்கு மூஞ்சி காட்டாம இருக்கத்தான் நான் அந்த பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி நிப்பேன். ஒரு ஞாயிறு எட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, ஒளிய வேண்டியதே இல்லன்னு. அவங்க தூங்கிட்டிருந்தாங்க."

"என்ன சார்?"

"தூங்கிட்டிருந்தாங்க. உங்க முதுகுல சாஞ்சு, வாயக் கொஞ்சம் தொறந்துக்கிட்டு. பக்கத்துல பஸ்காரன் ஹாரன் அடிக்கறான், எழுந்திருக்கல. அப்புறம் ஞாயித்துக்கெழமதோறும் பாத்தேன். பாதி நாள் தூக்கம்தான். சிக்னல் விழுந்து நீங்க வண்டிய எடுத்தப்பவும் கண்ணைத் தொறக்கல."

அவர் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மெக்கானிக். நீங்களே சொல்லுங்க. பிரேக் மேல சந்தேகம் இருக்கறவங்க பின்னாடி உக்காந்து தூங்குவாங்களா?"

சேவியர் ஆறிய காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார், வீட்டுக்குள்ளேயே. கண்ணாடியையும் இறக்கிக்கொண்டார். அதற்குப் பின்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆகவே எழுதவில்லை.

வாசலில் வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடியைத் தூக்கினார். இதை எழுதலாமா என்று பின்னொரு நாள் நான் கேட்டபோது, "எழுதுங்க சார், பேர் மட்டும் போடாதீங்க" என்று சொன்னவர், அன்று சொன்னது இது:

"அம்மா உங்களப் பத்திச் சொல்லிச் சிரிப்பாங்க. 'நான் பேசறப்ப சாமி கண்ண மூடிக்கிட்டிருந்தாருடா. அந்த விபூதி சார் தலைதான் எல்லாத்துக்கும் சரிம்மா சரிம்மான்னு ஆடிச்சு. அப்பவே பாதி பாரம் எறங்கிடுச்சு'ன்னு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னிக்கு ஏன் சார் ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டிருக்கீங்க?"

அந்தம்மா சொன்னதாக அவர் சொன்னதை நான் உறுதி செய்யவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கோர்ட்டில் இதை முழுங்குகிற சாட்சி என்பார்கள். பேனாவைக் காகிதத்துக்கு நேராக வைத்துக் காத்திருப்பாரே, அந்த மேடத்தை நினைத்துக்கொண்டேன். இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள் மேடம் என்று சொல்லத் தோன்றியது.

பைக் தெருமுனையில் திரும்பியது. திரும்பும் இடத்தில் பிரேக் போட்டு, நிதானமாகத் திரும்பியது.

வசந்தா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். "அவர் போயிட்டார். தலைய விடுங்க."

விட்டேன். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது, தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது. அவள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

நான் சட்டென்று மறுபடி பிடித்துக்கொண்டேன். "என்ன தெரிஞ்சுது உனக்கு?"

"என்ன தெரியும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன். உங்க தலைய வெச்சு ஆமாவா இல்லையான்னு எவளால சொல்ல முடியும்?"